முறைப்படி அணைக்கவும்

விண்டோஸ் 98 காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் இருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் ஆன் செய்தால் நேரே வேலைக்கு வராது. திரையை முழுக்க நீலமாக்கிக்கொண்டு முதலில் நம்மேல் ஒரு புகார் வாசிக்கும். விண்டோஸ் முறைப்படி அணைக்கப்படவில்லை, ஆகவே டிஸ்க்கில் பிழை இருக்கலாம் என்பது புகார். கீழே புத்திமதி: இந்தச் செய்தியை இனிப் பார்க்க வேண்டாமென்றால் எப்போதும் ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் ஷட் டவுன் கொடுத்து அணைக்கவும். கோவில்பட்டியில் மத்தியானம் போகிற கரண்ட் ஸ்டார்ட் மெனு வழியாகப் போவதில்லை என்கிற தகவல், அந்த வாசகத்தை எழுதியவருக்கு எட்டியிருக்க நியாயமில்லை.

நான் அப்போது அந்த ஊரில் ஒரு டிடிபி சென்டரில் ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் என்று எல்லாவற்றையும் பேஜ்மேக்கரில் அடித்து, டிரேசிங் பேப்பரில் லேசர் பிரின்ட் எடுத்து ஆப்செட் பிரஸ்ஸுக்கு அனுப்புவோம். கம்ப்யூட்டர் ஒன்றுதான். யுபிஎஸ்ஸும் ஒன்று உண்டு. கரண்ட் போனதும் அது பீப் பீப் என்று கத்தும். என்ன சத்தம் என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அதுவும் அணைந்துவிடும். பேட்டரி மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னால், "கத்துதுல்லா, பெறகென்ன? நல்லாத்தான இருக்கு" என்பார்.

கரண்ட் வந்ததும் ஸ்கேன்டிஸ்க் ஓடும். மீடியா டிஸ்கிரிப்டர், ஃபைல் அலொகேஷன் டேபிள், டைரக்டரி ஸ்ட்ரக்சர், ஃபைல் சிஸ்டம், ஃப்ரீ ஸ்பேஸ் என்று மேலிருந்து கீழாகப் பெயர்கள். ஒவ்வொன்று முடிந்ததும் அதன் பக்கத்தில் ஒரு டிக் விழும். அடியில் மஞ்சள் பட்டை ஒன்று நீளும். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"என்ன தம்பி ஓடுது?"

"செக் பண்ணுது அண்ணாச்சி."

"எதைச் செக் பண்ணுது?"

நியாயமான கேள்வி. கிராமக் கணக்கை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஹார்டு டிஸ்க் என்பது க்ளஸ்டர் என்கிற சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்துப் போட்ட நிலம். ஒரு ஃபைலுக்கு இங்கே ஒரு மனை, அங்கே இரண்டு மனை என்று சிதறிக் கிடக்கும். எந்த மனைக்கு அடுத்து எந்த மனை என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடுதான் ஃபைல் அலொகேஷன் டேபிள். பதிவேடு கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதற்கு ஒரு நகலும் உண்டு. ரொம்ப முன்யோசனையாக அந்த நகலை அசலுக்கு அடுத்தாற்போலவே வைத்திருப்பார்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதியில் நிற்கும். அதில் வரும் வில்லங்கம் முக்கியமாக இரண்டு. ஒன்று, யார் பெயரிலும் இல்லாமல், காலி என்றும் எழுதப்படாமல் கிடக்கும் மனை. இதற்கு லாஸ்ட் க்ளஸ்டர் என்று பெயர். மற்றது, ஒரே மனைக்கு இரண்டு ஃபைல்கள் பட்டா காட்டுவது. இதற்கு கிராஸ் லிங்க்டு என்று பெயர். இரண்டாவது தகராறுக்கு ஸ்கேன்டிஸ்க் சொல்லும் தீர்ப்பு, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள் என்பது. அதில் ஒருவர் வீட்டுக்குப் போவது மற்றவருடைய சொத்து என்பது ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

சரி, முறைப்படி அணைக்கவில்லை என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? அதே பதிவேட்டின் ஆரம்பத்தில் ஒரு குறி இருக்கிறது. வேலை தொடங்கும்போது அது மாறும். ஒழுங்காக அணைக்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்த முறை ஆன் செய்யும்போது குறி திரும்பாமலே கிடந்தால், ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்றெல்லாம் அந்தக் குறிக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனைத் திட்டிவிட வேண்டியது, அவ்வளவுதான். அலுவலகங்களில் இந்த முறை இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது.

லாஸ்ட் க்ளஸ்டர்களை ஸ்கேன்டிஸ்க் தூக்கி எறிவதில்லை. ஃபைல்0000, ஃபைல்0001 என்று நம்பர் போட்டு, பின்னால் சிஹெச்கே என்று சேர்த்து சி டிரைவில் வைத்துவிடும். பெரும்பாலும் குப்பை. ஆனால் ஒரு தை மாத முகூர்த்த சீசனில் அந்தக் குப்பையைக் கிளற வேண்டி வந்தது. நாலு பக்கக் கல்யாணப் பத்திரிகை. முக்கால்வாசி அடித்து முடித்த நேரத்தில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஃபைல் திறக்கவில்லை. உறவுமுறைப் பெயர்களை எழுதிக் கொடுத்த தாள் பிரஸ்ஸுக்கோ வேறெங்கோ போய்விட்டது. பெண்ணின் அப்பா பெஞ்சில் இருந்தார்.

அந்த சிஹெச்கே ஃபைல்களை ஒவ்வொன்றாக நோட்பேடில் திறந்தேன். தலைக்கு மேல் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டியது. யூனிகோடு எங்கள் கடைப்பக்கம் வராத காலம் அது. தமிழ் ஃபான்ட் என்பது ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடிவைத்த ஏற்பாடு. நோட்பேடின் ஃபான்ட்டை நாங்கள் பத்திரிகைக்குப் பயன்படுத்துகிற தமிழ் ஃபான்ட்டாக மாற்றினால், கட்டம் கட்டமான குப்பைக்கு நடுவில் திடீரென்று ஒரு பெயர் தலைகாட்டும். பக்கத்திலேயே அவருடைய ஊரும், ‘ஓய்வு’ என்று அடைப்புக்குறிக்குள் அவருடைய உத்தியோக நிலையும்.

"தாய்மாமன் பேரு வந்துட்டா தம்பி?"

"வந்துட்டு அண்ணாச்சி. சித்தப்பா ரெண்டு பேரைத்தான் காணல."

"அவுக பேரு வராட்டாலும் பாதகமில்ல. அவுக என்ன செஞ்சிட்டாக. மாமன் பேரு இல்லன்னா மேடையில மாலை விழாது."

முப்பது வருஷத்துக்கு முன்பு நடந்த பாகப்பிரிவினை அந்தப் பத்திரிகையில் இப்படித்தான் ஏறியது. ஸ்கேன்டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அந்தச் சித்தப்பாக்கள் கடைசி வரை நம்பவில்லை.

அணைப்பதும் அப்போது ஒரு சடங்கு. பழைய கேபினெட்டுகளில் ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் தானாக அணையாது. கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி நீங்கள் கம்ப்யூட்டரை அணைக்கலாம், ஆபத்தில்லை என்று ஒரு வாசகம் வரும். பிறகு நாம்தான் ஸ்விட்சை அமுக்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியிலிருந்தே கேட்பார்: "சொல்லிட்டா?" சொன்ன பிறகுதான் மெயின் ஆஃப். இத்தனை மரியாதையாக நடத்தியும் மறுநாள் மத்தியானம் நீலத் திரை வந்து எங்களைத்தான் திட்டியது.

பிறகு 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அது சாதாரணமாகப் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு நல்ல ஏற்பாடு: டிஸ்க்கின் கணக்கில் கை வைப்பதற்கு முன்பே, என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்றதை முடிக்கலாம், அல்லது இல்லையென்று ஆக்கலாம். அதனால் கரண்ட் போகிற போதெல்லாம் சோதனை என்பது நின்றது. திட்டுகிற வாசகமும் போனது. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் மட்டும் செக்டிஸ்க் எட்டிப் பார்த்து, டிஸ்க்கில் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருக்கிறது, வேண்டாமென்றால் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்துங்கள் என்று பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும்.

கம்ப்யூட்டர் சொன்ன எத்தனையோ விஷயங்களில் தமிழ்நாடே ஒருமனதாகக் கீழ்ப்படிந்தது இதற்கு ஒன்றுக்குத்தான். ஏழு வருவதற்குள் யாராவது ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். தட்டினால் சோதனை நடக்காது. சோதனை நடக்காததால் சந்தேகக் குறி அழியாது. அழியாததால் மறுநாள் காலையும் அதே எண்ணிக்கை. மாதக்கணக்கில் இப்படித் தட்டிவிட்டு, "தெனமும் எதோ கேக்குது, வைரஸ்போல" என்று சர்வீஸ் பையனைக் கூப்பிடுவார்கள்.

அந்தச் சர்வீஸ் பையன்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதுகுப் பையில் சிடி பவுச், ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ். வந்ததும் முதலில் கேபினெட்டில் காதை வைத்துக் கேட்பார்கள். ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்றால் முகம் மாறும். இல்லையென்றால் உள்ளே அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிளை உருவி, பிரஷ்ஷால் துடைத்து, திரும்பச் செருகுவார்கள். இதைக் கேலி செய்வதற்கில்லை. பாதிக் கேஸ்கள் அதில் தீர்ந்தன. பூட் ஆகவே மாட்டேன் என்று ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ காட்டும் மெஷின்கள் அந்த ஒரு செருகலில் எழுந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். இன்னும் சில மெஷின்களுக்கு அதுகூட வேண்டாம். ஃபிளாப்பி டிரைவில் யாரோ மறந்து வைத்த ஃபிளாப்பியை எடுத்தால் போதும். அதற்கும் சர்வீஸ் சார்ஜ் உண்டு.

ஆனால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் வேறொரு வைத்தியம் வைத்திருந்தான். கறுப்பு ஜன்னலைத் திறந்து, செக்என்டிஎஃப்எஸ் என்று ஒரு கட்டளை, ஒரு சாய்கோடு, ஒரு எக்ஸ், டிரைவின் பெயர். என்டர். மறுநாளிலிருந்து அந்தப் பத்து, ஒன்பது, எட்டு வராது. வாடிக்கையாளருக்குப் பரம சந்தோஷம். 300 ரூபாய் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கட்டளை டிஸ்க்கைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. பூட் ஆகும்போது இந்த டிரைவைச் சோதிக்காதே என்று விண்டோஸிடம் சொல்லிவைக்கிறது, அவ்வளவுதான். பிழை அப்படியே இருக்கும். செய்தி மட்டும் வராது. "இப்ப வருதா சார்?" என்று கேட்பான். "வரலப்பா." "அப்ப சரியாயிட்டு." இவன் தன் காலத்துக்கு ரொம்ப முன்னால் பிறந்துவிட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

லினக்ஸ்காரர்கள் இதில் வேறு ஜாதி. அந்தக் காலத்தில் சில பதிப்புகளில், எந்தத் தப்பும் நடக்காவிட்டாலும் சுமார் முப்பது தடவைக்கு ஒருமுறை பூட் ஆகும்போது எஃப்எஸ்செக் தானாகவே ஓடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதர்போர்டில் உள்ள ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோனால் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது, இந்த டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்தது எதிர்காலத்தில் அல்லவா என்று எஃப்எஸ்செக் திகைத்துப்போய், ஒவ்வொரு தடவையும் சோதனையில் இறங்கும். ஹார்டு டிஸ்க் போச்சு என்று அழுதவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன பேட்டரி.

இப்போதைய கதைக்கு வருவோம். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து எல்லாம் சாத்வீகமாகிவிட்டது. நாம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் டிஸ்க்கைச் சோதித்து, முடிந்ததை அங்கேயே சரிசெய்து, முடியாததைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த பூட்டில் அந்த இடத்தை மட்டும் சில விநாடியில் தைத்துவிடுகிறது. பொறியியலாகப் பார்த்தால் இது பழையதைவிடப் பல மடங்கு மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கறுப்புத் திரையில் கம்பெனி லோகோவுக்குக் கீழே ‘ஸ்கேனிங் அண்டு ரிப்பேரிங் டிரைவ்’ என்று மெல்லிய எழுத்தில் ஒரு வரி எப்போதாவது வரும். என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று சொல்லாது. யாரையும் குற்றம் சொல்லாது. விவரம் வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவரில் தேடித் துருவி எடுக்கலாம். எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

முறைப்படி அணைக்கவும் என்று நம்மை வருஷக்கணக்கில் மிரட்டிய அந்த ஷட் டவுன் என்ன ஆனது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். விண்டோஸ் 8இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று வந்தது. அதற்குப் பின் வந்தவற்றிலும் சாதாரணமாக ஆனாகவே இருக்கும். நாம் ஷட் டவுன் கொடுத்தால், நம் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பாகத்தை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மெஷின் அணையும். மறுநாள் ஆன் செய்தால் புதிதாக எழுவதில்லை. எழுதி வைத்ததைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. சீக்கிரம் வருகிறதே என்று நாம் மகிழ்கிறோம். நிஜமாகவே அணைந்து புதிதாக எழ வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அதாவது அணைக்க வேண்டுமென்றால் அணைக்காதே, திரும்ப ஆரம்பி.

என் மைத்துனர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் முறைப்படி முடிப்பவர். தினமும் இரவு ஸ்டார்ட் மெனுவுக்குப் போய், ஷட் டவுன் கொடுத்து, விளக்கு அணையும்வரை காத்திருந்து, லேப்டாப்பை உறையில் போட்டு வைப்பார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘அப் டைம்’ என்கிற இடத்தைக் காட்டினேன். மெஷின் இருபது நாளுக்கு மேலாக விழித்திருப்பதாகக் காட்டியது.

"அப்ப நான் தினமும் ராத்திரி என்ன மாப்ள செஞ்சிட்டிருந்தேன்?" என்றார்.

டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்லி அவர் செக்டிஸ்க்கும் கொடுத்து வைத்திருந்தார். பூட் ஆகும்போது ஓடட்டும் என்று சொல்லிவைத்த சோதனை, ஷட் டவுன் கொடுத்து மறுநாள் ஆன் செய்தால் பெரும்பாலும் ஓடாது. மெஷின் பூட்டே ஆகவில்லையே! ரீஸ்டார்ட் கொடுத்தோம். அப்போதுதான் ஓடியது. ஒழுங்காக அணைத்தவருக்குத் தண்டனை. அணைக்காமல் திரும்ப ஆரம்பித்தவருக்கு வைத்தியம்.

டிஸ்க்கும் மாறிவிட்டது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, உரசுவதும் இல்லை. கரண்ட் போனால் லேப்டாப்பின் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. ஆனால் பழைய டிஸ்க் சாவதற்கு முன் வாரக்கணக்கில் டிக் டிக் என்று சொல்லும். சர்வீஸ் பையன் காதை வைத்தால் கேட்கும். எஸ்எஸ்டி ராத்திரி நன்றாக இருந்துவிட்டு, காலையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று காட்டிவிட்டுப் போய்விடக்கூடும். காதை வைத்துக் கேட்க அதில் ஒன்றும் இல்லை.

டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை எடுத்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. இப்போது பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. நல்ல விஷயம்தான்; திருடன் கையில் சிக்கினால் படிக்க முடியாது. ஆனால் பயாஸ் அப்டேட் மாதிரி ஏதாவது நடந்து மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், நீலத் திரை திரும்பவும் வரும். இந்த நீலம் புகார் சொல்லாது, புத்திமதி சொல்லாது. 48 இலக்கச் சாவி ஒன்றை மட்டும் கேட்கும். அப்படி ஒரு சாவி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியவரும். இங்கே நோட்பேடும் இல்லை, ஃபான்ட் மாற்றி மாமன் பெயரைத் தேடி எடுக்கவும் வழியில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது: அந்த ‘ஸ்கேனிங் அண்டு ரிப்பேரிங்’ எப்போதாவது ஒருமுறை வந்தால் பவர் பட்டனில் கை வைக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். தினமும் வருகிறது என்றால், செக்டிஸ்க்கை உடனே ஓட்டாதீர்கள், ஓட்டச் சொல்கிறவரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்; சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கச் சொன்னால் அது அந்த வேலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், பிறகு எதையும் செய்யுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த 48 இலக்கத்தை இன்றைக்கே உங்கள் கணக்கில் தேடிப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தயவுசெய்து அதே லேப்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள்.